சலிப்பு ஏன் வருகிறது? எப்படிப் போக்குவது?

சலிப்பு என்றால், ஏதாவது செய்யவேண்டும் என்ற ஆசை இருந்தும் மனம் ஒட்டும்படி எதுவும் கிடைக்காத தவிப்பு.

நம் கவனத்துக்கு எப்போதும் ஒரு பிடிமானம் வேண்டும். வேலை ரொம்ப எளிதென்றாலும் அது நழுவும், ரொம்பக் கடினமென்றாலும் நழுவும். 2014இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஆட்களை 15 நிமிடம் வெறும் அறையில் தனியே உட்காரவைத்தார்கள். அங்கே இருந்தது ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் ஷாக் அடிக்கும். 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் அழுத்தியே விட்டார்கள்! சும்மா இருப்பது அவ்வளவு கஷ்டம்.

பசியோடு ஒப்பிட்டால் புரியும். மியான்மரில், எங்கள் யாங்கோன் நகரத்து டீக்கடைகளில் மேசைமேல் பிளாஸ்கில் வெறும் டீ காசில்லாமல் வைத்திருப்பார்கள். அதையே குடித்துக்கொண்டிருந்தால் வயிறு நிறையும், பசி போகாது. கரண்ட் போன மாலையில் போன் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருப்பதும் அப்படித்தான். சார்ஜ் தீர்ந்ததும் முன்னைவிட எரிச்சல் வரும்.

அதே நேரம் எங்கள் தெருப் பையன்கள் வட்டமாக நின்று, பிரம்புப் பந்து கீழே விழாமல் காலாலும் முட்டியாலும் தட்டுவார்கள். சின்லோன் ஆட்டம். எதிரணி கிடையாது. ஆனாலும் யார் கண்ணும் பந்தைவிட்டு அகலாது. அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து பூக்கட்டுவார். இப்படிக் கைக்குக் கொஞ்சம் சவாலான வேலைதான் சலிப்புக்குச் சாப்பாடு.

“போரடிக்குது” என்கிற பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள்: சோம்பலில் எதையும் செய்யத் தோன்றாது, சலிப்பில் தோன்றிக்கொண்டே இருக்கும்.