பதக்கங்களைப் பங்கு போடலாமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் கொள்ளுத்தாத்தா முதல் உலகப்போரிலும், தாத்தா பர்மாப் போர்முனையிலும், அப்பா 1971 போரிலும் இருந்தவர்கள். மூவரின் பதக்கங்களும் ஒரே தகரப்பெட்டியில் கிடக்கின்றன. ஆளுக்குச் சிலதாகப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறான் தம்பி. அதற்கு முன் எல்லாவற்றையும் மெருகேற்றக் கொடுக்கப்போவதாக அண்ணன் சொல்கிறான். கொள்ளுத்தாத்தாவின் குதிரைவீரன் பதக்கம் மன்னர் கையால் வாங்கிய வீரப்பதக்கம் என்று கேட்டு வளர்ந்தோம். அது போருக்குப் போன எல்லோருக்கும் கொடுத்ததுதான் என்று இப்போது ஒருவர் சொல்கிறார். மனசு ஆறவில்லை.

ர.

அன்புள்ள ர.,

முதலில் அண்ணனைத் தடுத்துவிடுங்கள். அந்தக் காலத்து வட்டப் பதக்கங்களின் விளிம்பில்தான் வாங்கியவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். தேய்க்கத் தேய்க்க அது மழுங்கும். கறுத்த வெள்ளி கறுத்தபடியே இருக்கட்டும். பிவிசி உறையிலும் போடாதீர்கள், உலோகத்தை அரிக்கும்.

குதிரைவீரனும் 1914, 1918 என்ற ஆண்டுகளும் இருந்தால் அது பிரிட்டிஷ் வார் மெடல். அவர் சொன்னது சரிதான், அது சேவைப்பதக்கம். அதற்காக ஏன் மனம் குன்ற வேண்டும்? மேலதிகாரி ஒருவர் எழுதி அனுப்பினால்தான் வீரப்பதக்கம் கிடைக்கும். எழுத ஆளில்லாமல் மண்ணோடு போன துணிச்சல் எவ்வளவோ! சேவைப்பதக்கம் சொல்வது ஒன்றுதான்: இந்த மனிதர் அங்கே இருந்தார். எனக்கு அது பெரிய விஷயம்.

உலோகத்தையும் பாருங்கள். படைவீரர்களுக்கு அது வெள்ளியில் வந்தது. தொழிலாளர் படையினருக்கு அதே பதக்கத்தை வெண்கலத்தில் கொடுத்தார்கள். உங்களுடையது வெண்கலம் என்றால் கொள்ளுத்தாத்தா சுமை தூக்கியவராக, சாலை போட்டவராக இருந்திருக்கலாம். அப்படியானால் அதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர்கள் இல்லாமல் எந்தப் படையும் ஓர் அடி நகர்ந்திருக்காது.

பிரிப்பதென்றால் ஆள்வாரியாகப் பிரியுங்கள். ஒருவர் வாங்கியதை மட்டும் சிதறடிக்காதீர்கள். தாத்தா விஷயத்தில் இது உயிர்நாடி. பர்மா ஸ்டார், 1939–45 ஸ்டார் போன்றவற்றைப் பிரிட்டிஷ் அரசு பெயர் பொறிக்காமலே வழங்கியது. பெயரில்லாத அந்த ஆறுமுனை நட்சத்திரம் பெட்டியை விட்டுத் தனியே போனால் யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது. கூட இருக்கும் பதக்கங்களும், பணிச்சான்றும், உங்கள் வீட்டார் நினைவும்தான் அதற்குச் சாட்சி. ரிப்பன் நைந்திருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். எந்த வரிசையில் கோத்திருக்கிறதோ அப்படியே படம் எடுத்து, ஒவ்வொன்றும் யாருடையது என்று காகிதத்தில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். மன்னர் கதையையும் எழுதலாம், வீட்டில் சொல்லிவந்த கதை என்ற குறிப்போடு.

அப்பா இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அவரிடமிருந்தே தொடங்குங்கள். பூர்வி ஸ்டார் என்றால் கிழக்கு முனை, பஸ்சிமி ஸ்டார் என்றால் மேற்கு. அதற்கு மேல் பதக்கம் எதுவும் சொல்லாது. எந்த ஊரில் நின்றார், பக்கத்தில் யார் நின்றார்கள், யார் திரும்பவில்லை என்பதையெல்லாம் அவர்தான் சொல்ல வேண்டும். பங்கு பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு மூன்று பேரும் சேர்ந்து போய்க் கேளுங்கள்.