அப்சர்வேஷனா, அட்மிஷனா? மெடிகேர் கேள்வி பதில்

அமெரிக்காவில் மெடிகேர் (முக்கியமாக 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) உள்ள பெற்றோரை இன்பேஷண்ட்டாக (உள்நோயாளியாக) அட்மிட் செய்யாமல் மருத்துவமனையில் 'அப்சர்வேஷன்' (கண்காணிப்பு) என்று வைக்கும்போது தரப்படும் 'மூன்' (MOON) என்ற அறிவிப்பு பற்றி வந்த கேள்விகள் இவை. தொகைகள் 2025ஆம் ஆண்டுக்கானவை.

கேள்வி (நியூ ஜெர்சி): அப்பாவுக்கு 78 வயது, ஒரிஜினல் மெடிகேர் (அரசே நேரடியாக நடத்துவது). திங்கள் மாலை எமர்ஜென்சிக்குப் போனோம். பிறகு மாடியில் தனி அறை, கையில் பட்டை, டிரிப்ஸ் எல்லாம் ஆயிற்று. புதன் காலை 'மூன்' என்று ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். வெள்ளி மதியம் டிஸ்சார்ஜ். இப்போது ரிஹேப் செலவை மெடிகேர் தராதாம். நான்கு ராத்திரி இருந்தாரே?

பதில்: நான்கு ராத்திரி இருந்தார், ஆனால் நான்கு நாளும் இன்பேஷண்ட்டாக இருக்கவில்லை. அறையும் கட்டிலும் கைப்பட்டையும் நிலையைச் சொல்லாது. இன்பேஷண்ட் ஆர்டரை மருத்துவர் எழுதினாரா, எழுதினால் எப்போது என்பது மட்டுமே சொல்லும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். திங்கள் இரவு 8 மணிக்கு அப்சர்வேஷன் தொடங்கியது என்று வையுங்கள். செவ்வாய் இரவு 8 மணியோடு 24 மணி நேரம் தாண்டுகிறது. அப்படித் தாண்டினால், தொடங்கியதிலிருந்து 36 மணி நேரத்துக்குள், அதாவது புதன் காலை 8 மணிக்குள், மூன் தாளைக் கொடுத்து வாயாலும் விளக்க வேண்டும். 2015இல் வந்த சட்டம், 2017 மார்ச் முதல் நடைமுறை. புதன் காலை 10 மணிக்கு இன்பேஷண்ட் ஆர்டர் போட்டிருந்தால் புதன், வியாழன் இரண்டு நாள்தான் சேரும். டிஸ்சார்ஜ் நாள் கணக்கில் வராது. ஸ்கில்டு நர்சிங் வசதிக்கு (நம்மூரில் நர்சிங் ஹோம் என்கிற சின்ன ஆஸ்பத்திரி அல்ல, டிஸ்சார்ஜுக்குப் பின் பிசியோவும் நர்ஸ் கவனிப்பும் தரும் ரிஹேப் இடம்) பார்ட் ஏ (மெடிகேரின் ஆஸ்பத்திரிச் செலவுப் பகுதி) பணம் தர, தொடர்ந்து 3 இன்பேஷண்ட் நாள் வேண்டும். இருந்தால் முதல் 20 நாள் இலவசம், 21 முதல் 100 வரை நாளுக்கு 209.50 டாலர். இல்லையென்றால் முதல் நாளிலிருந்தே கைக்காசு.

இன்பேஷண்ட் ஆர்டருக்கு முன்தேதி போட முடியாது. அதனால் வியாழக்கிழமை கேட்டுப் பயனில்லை. முதல் நாளே கேளுங்கள்.

கேள்வி (டாலஸ்): அந்தத் தாளில் கையெழுத்தே போடாதீர்கள், போட்டால் நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்கிறார்களே?

பதில்: தவறு. அந்தக் கையெழுத்துக்கு 'தாள் கிடைத்தது, விளக்கினார்கள்' என்பதற்கு மேல் பொருள் இல்லை. மறுத்தால் ஊழியரே தேதி, நேரம் எழுதிக் கையொப்பமிடுவார். அறிவிப்பு கொடுத்ததாகவே ஆகும்.

டாலஸ் நண்பருக்கு ஆதரவாக இன்னொருவர் (சிகாகோ): என் மாமியார் கையெழுத்துப் போட்டார், பில் வந்தது. போடாதவர்களுக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டேன்.

பதில்: பில்லைத் தீர்மானிப்பது ஆர்டர். போடாதவருக்கும் பார்ட் பி-யில்தான் (மெடிகேரின் டாக்டர், வெளிநோயாளிச் செலவுப் பகுதி) கணக்கு ஓடும். இந்த வதந்தியால் ஒரு தீங்கு இருக்கிறது: தாளைத் தள்ளிவிட்டவர் அதைப் படிப்பதில்லை.

சிகாகோ: சரி, அப்பீலும் கிடையாது, நிலையும் மாறாது என்றால் அந்தத் தாள் எதற்கு?

பதில்: நியாயமான கேள்வி. மூன் தாளை வைத்து அப்பீல் செய்ய முடியாது, உண்மை. ஆனால் 'நீங்கள் இன்பேஷண்ட் இல்லை, ஏனென்றால்' என்று ஒரு வரியும் அதன் கீழே காலி இடமும் இருக்கும். அங்கே மருத்துவமனை காரணம் எழுத வேண்டும். 'மேலும் கண்காணிக்க வேண்டும்' என்று மட்டும் எழுதியிருந்தால் விடாதீர்கள். எந்த டெஸ்ட் முடிவுக்குக் காத்திருக்கிறீர்கள், எப்போது வரும், அதன்பின் என்ன முடிவு எடுப்பீர்கள் என்று பொறுப்பு மருத்துவரிடமும் கேஸ் மேனேஜரிடமும் கேளுங்கள். மருத்துவத் தேவையோடு இரண்டு நள்ளிரவைத் தாண்டும் என்று மருத்துவர் கருதினால் இன்பேஷண்ட் ஆக்கலாம் என்பது 2013 அக்டோபர் முதல் மெடிகேர் விதி. எமர்ஜென்சியிலும் அப்சர்வேஷனிலும் கழிந்த நேரத்தை அந்தக் கணிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். ரிஹேப்புக்கான 3 நாளில் சேர்க்க முடியாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன.

கேள்வி (அட்லாண்டா): இரண்டு நள்ளிரவு தாண்டிவிட்டது. தானாகவே இன்பேஷண்ட்தானே?

பதில்: இல்லை. ஆர்டர் வேண்டும்.

கேள்வி (ஆஸ்டின்): ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு விசிட்டர் இன்சூரன்ஸ். அவருக்கும் மூன் உண்டா?

பதில்: கிடையாது. அது மெடிகேருக்கு மட்டும். உங்கள் பாலிசி நிறுவனத்திடம் கேளுங்கள்.

கேள்வி (சியாட்டில்): முதலில் அட்மிட் என்றார்கள், மறுநாள் அப்சர்வேஷனுக்கு மாற்றினார்கள். இதற்கும் அப்பீல் இல்லையா?

பதில்: இதற்கு உண்டு, அதனால் கவனமாகப் படியுங்கள். ஒரிஜினல் மெடிகேரில் இன்பேஷண்ட்டாகச் சேர்த்து, பிறகு அப்சர்வேஷனுக்கு மாற்றப்பட்டவர்களில், பார்ட் பி இல்லாதவர்களுக்கும், மொத்தம் 3 நாளோ அதற்கு மேலோ இருந்தும் இன்பேஷண்ட் நாள் 3க்குக் குறைந்தவர்களுக்கும் 2025 பிப்ரவரி 14 முதல் தனி அறிவிப்பு தர வேண்டும். அது மூன் அல்ல. டிஸ்சார்ஜுக்கு 4 மணி நேரத்துக்கு முன்பாவது கைக்கு வர வேண்டும். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் அதில் உள்ள எண்ணுக்கு அழைத்தால் விரைவு மறுஆய்வு நடக்கும். ஆவணங்கள் கிடைத்த ஒரு நாளில் முடிவு. தொடக்கம் முதலே அப்சர்வேஷனில் இருந்தவருக்கும், மெடிகேர் அட்வான்டேஜ்காரருக்கும் (தனியார் நிறுவனம் நடத்தும் மெடிகேர் பிளானில் உள்ளவருக்கும்) இந்த வழி இல்லை. அட்வான்டேஜ் பிளான்கள் பல 3 நாள் நிபந்தனையையே விட்டுவிடுகின்றன. பிளானைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

கேள்வி (ஹூஸ்டன்): தினசரி போடும் பிரஷர் மாத்திரைக்கு ஆஸ்பத்திரி தனியாக பில் போட்டிருக்கிறது.

பதில்: அப்சர்வேஷனில் இருப்பவர் அவுட்பேஷண்ட் (வெளிநோயாளி). வழக்கமாகத் தானே போட்டுக்கொள்ளும் மாத்திரைகளைப் பார்ட் பி ஏற்காது. பார்ட் டி (மருந்துக் காப்பீடு) இருந்தால், பணம் கட்டி, மாத்திரை வாரியான பில்லோடு பிளானுக்கு கிளெய்ம் அனுப்புங்கள். ஆஸ்பத்திரி பார்மசி நெட்வொர்க்கில் இல்லாததால் முழுத் தொகை வராமல் போகலாம். மற்றச் சேவைகளுக்குப் பார்ட் பி-யின் 257 டாலர் டிடக்டிபிள் (முதலில் நாமே கட்ட வேண்டிய தொகை) போக 20 சதவீதம் உங்கள் பங்கு. ஒரு தனிச் சேவைக்கு அந்தப் பங்கு பார்ட் ஏ டிடக்டிபிளான 1,676 டாலரைத் தாண்டாது. எல்லாம் சேர்ந்தால் தாண்டக்கூடும்.

கேள்வி (பாஸ்டன்): என் மாமனாருக்குத் தனி அறை கொடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் அட்மிட்தானே?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். அறை சொல்லாது, ஆர்டர் சொல்லும்.

கேள்வி (சான் ஹோசே): அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. தாளைக் காட்டித் தலையாட்ட வைத்துவிட்டார்கள்.

பதில்: புரியும்படி சொல்வது அவர்கள் கடமை. 'தமிழ் இன்டர்பிரெட்டர் வேண்டும்' என்று கேளுங்கள், போனிலோ வீடியோவிலோ இலவசமாகத் தர வேண்டும். நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது அம்மா நர்ஸிடம் காட்டுவதற்கு, 'நான் இன்பேஷண்ட்டா, அப்சர்வேஷனா?' என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒரு துண்டுச் சீட்டை மெடிகேர் கார்டோடு வைத்துவிடுங்கள். தினமும் காலையில் காட்டச் சொல்லுங்கள், பதிலை அதிலேயே தேதி, நேரத்தோடு எழுதி வாங்கச் சொல்லுங்கள்.