டர்போ 350 கியர்பாக்ஸ்: ஷிஃப்ட் கிட் போதுமா, மேனுவல் வால்வ் பாடி வேணுமா?

கேள்வி: அண்ணா, நான் டெக்சாஸ்ல இருக்கேன். 1972 செவ்ரோலே சி10 பிக்கப் ஒண்ணு வாங்கியிருக்கேன், 350 இன்ஜின், டர்போ 350 ஆட்டோமேட்டிக். ஒண்ணுலேர்ந்து ரெண்டாவது கியர் போறப்ப ரொம்ப சோம்பலா மாறுது, சில நேரம் ஆர்பிஎம் கொஞ்சம் மேல ஏறி அப்புறம்தான் பிடிக்குது. எனக்கு டக்குனு பிடிக்கணும், முடிஞ்சா கையாலயே கியர் மாத்தணும். ஒருத்தர் ஷிஃப்ட் கிட் போடுங்கறார், இன்னொருத்தர் முழு மேனுவல் வால்வ் பாடிங்கறார், மூணாவது ஆள் வேக்யூம் ஹோஸைப் புடுங்கி விட்டாலே போதும்ங்கறார். வாரத்துல ரெண்டு நாள் ஆபீஸுக்கு ஓட்டுறேன், வீட்டுக்காரம்மாவும் ஓட்டுவாங்க. கோயம்புத்தூர்ல இருக்கிற மச்சானும் தன் ஆட்டோமேட்டிக் காருக்கு இதையே செய்யலாமான்னு கேக்குறான்.

பதில்: தம்பி, நீங்க எழுதினதுல "சோம்பலா மாறுது"ங்கறதும் "ஆர்பிஎம் ஏறி அப்புறம் பிடிக்குது"ங்கறதும் ரெண்டு வேற வேற விஷயம். முதல்ல சொன்னது கம்பெனி வேணும்னே அப்படி செஞ்சது. ரெண்டாவது சொன்னது நோய். கிட் போட்டா முதலாவது சரியாகும், ரெண்டாவது ஆகாது, அதனால கிட் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி உங்க வண்டில இருக்கிறது எதுன்னு பாத்துடுங்க.

டர்போ 350 மூணு கியர் பெட்டி, கியர் ரேஷியோ 2.52, 1.52, 1.00. முதல் கியர்ல ஃபார்வர்ட் கிளட்ச் பிடிச்சிருக்கும், ரெண்டாவதுக்கு இன்டர்மீடியட் கிளட்ச் கூட சேரும், மூணாவதுக்கு டைரக்ட் கிளட்ச். ரிவர்ஸுக்கும் அதே டைரக்ட் கிளட்ச்தான். அதனால மூணாவதும் ரிவர்ஸும் நல்லா பிடிச்சு, ரெண்டாவது மட்டும் வழுக்குதுன்னா இன்டர்மீடியட் பக்கம் சந்தேகப்படணும். ரிவர்ஸ் போட்டா கொஞ்ச நேரம் கழிச்சுதான் பிடிக்குது, மூணாவதும் வழுக்குதுன்னா டைரக்ட் கிளட்ச்சோட ரப்பர் சீல் காஞ்சு போயிருக்கலாம். அம்பது வருஷத்து வண்டி, உள்ள எப்போ கடைசியா கை வெச்சாங்கன்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது.

செக் பண்றது பெரிய வேலை இல்ல. வண்டியை ஒரு இருபது நிமிஷம் ஓட்டி நல்லா சூடாக்கி, சமமான தரையில நிறுத்தி, பார்க்ல இன்ஜின் ஓடிட்டே இருக்கும்போது டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்க. சிவப்பா இருந்தா நல்லது, பழுப்பாகி கருகின வாசனை வந்தா கிளட்ச் பிளேட் ஏற்கனவே எரிஞ்சிருக்கு. லெவல் கம்மியா இருந்து கீழ எங்கயும் சொட்டலன்னா வேக்யூம் மாடுலேட்டரைப் பாருங்க. பெட்டியோட பின்பக்கம், பாசஞ்சர் சைடுல சின்ன டப்பா மாதிரி இருக்கும், இன்டேக் மேனிஃபோல்டுலேர்ந்து ஒரு ஹோஸ் வந்து அதுல சேரும். ஹோஸைக் கழட்டினா உள்ள ஆயில் ஈரம் இருக்கா? அப்போ டயஃப்ரம் கிழிஞ்சு இன்ஜின் உங்க டிரான்ஸ்மிஷன் ஆயிலைக் குடிச்சிட்டு இருக்கு, சைலன்சர்ல வெள்ளைப் புகை வந்தா அதுவும் அதனாலதான் இருக்கும். மாடுலேட்டர் மாத்தி, ஃபில்டர் மாத்தி, ஆயில் சரியான லெவலுக்கு ஊத்தினாலே பாதிப் பேருக்கு பிரச்சனை அங்கயே முடிஞ்சிடுது, கிட்டே தேவைப்படல.

இப்போ அந்த மூணாவது ஆளோட யோசனைக்கு வரேன், அது ஆபத்தான யோசனை. மாடுலேட்டரோட வேலை இன்ஜின் எவ்வளவு சுமை இழுக்குதுன்னு பெட்டிக்கு சொல்றது. ஐடில்ல நல்ல இன்ஜின்ல 17-லேர்ந்து 20 இன்ச் வேக்யூம் இருக்கும், அப்போ லைன் பிரஷர் (கிளட்ச்சைப் பிடிக்க வைக்கிற ஆயில் பிரஷர்) கம்மி, மெதுவா மாறும். ஆக்சிலேட்டரை அமுக்க அமுக்க வேக்யூம் விழும், பிரஷர் ஏறும், கியர் தள்ளி மாறும், இறுக்கமா மாறும். ஹோஸைப் புடுங்கிட்டா பெட்டி என்ன நினைக்கும், எப்பவுமே முழு ஆக்சிலேட்டர்னு நினைக்கும். பார்க்கிங் லாட்ல 10 மைல்ல போறப்பவும் முழு பிரஷர்ல அடிச்சு மாறும், கியர் ரொம்ப லேட்டா மாறும். அது ஃபர்மா மாறுறது இல்ல, ஏமாத்தப்பட்டு மாறுறது. திறந்து விட்ட ஹோஸ் வழியா இன்ஜினுக்கு வேக்யூம் லீக் வேற. ஸ்க்ரூ வெச்ச அட்ஜஸ்டபிள் மாடுலேட்டர் கிடைக்குது, கொஞ்சம் திருத்தணும்னா அதை வாங்குங்க.

ஷிஃப்ட் கிட்னா என்னன்னு நிறைய பேர் பெருசா ஏதோ பாகம் வரும்னு நினைக்கிறாங்க, கிட் வர்ற அட்டைப் பெட்டியைத் திறந்தா சில ஸ்பிரிங், கேஸ்கட், ஒண்ணு ரெண்டு டிரில் பிட், ஒரு காகிதம், அவ்வளவுதான். (ஷிஃப்ட் கிட்ங்கற பேரே டிரான்ஸ்கோ கம்பெனியோட டிரேட்மார்க், பி அண்ட் எம் கம்பெனி இதையே ஷிஃப்ட் இம்ப்ரூவர்னு விக்கிறாங்க.) எந்த கிளட்ச்சுக்கு எப்போ ஆயில் போகணும்னு தீர்மானிக்கிற வால்வ் எல்லாம் இருக்கிற பாகம்தான் வால்வ் பாடி. கிளட்ச்சுக்கு ஆயில் போற வழியில வால்வ் பாடிக்கும் கியர் பெட்டிக்கும் நடுவுல ஒரு மெல்லிசான செப்பரேட்டர் பிளேட் இருக்கு, அதுல துளைகள் இருக்கு. துளை சின்னது, அதனால ஆயில் மெதுவா போகுது, கிளட்ச் மெதுவா பிடிக்குது. கூடவே அக்யூமுலேட்டர்னு ஒரு பிஸ்டனும் ஸ்பிரிங்கும், அது வர்ற ஆயில்ல கொஞ்சத்தை வாங்கி வெச்சுக்கிட்டு அடியை மெத்தை மாதிரி தாங்கும். 1972-ல பிக்கப் வாங்கினவங்க கியர் மாறுறதே தெரியக்கூடாதுன்னுதான் விரும்பினாங்க, கம்பெனியும் அப்படி செஞ்சு குடுத்தான். ஆனா மெதுவா பிடிக்கிற அந்த நேரம் பூரா கிளட்ச் பிளேட் உரசிட்டே இருக்கு, உரசினா சூடு. கிட் துளையைப் பெருசாக்குது, ஸ்பிரிங்கை மாத்துது, உரசுற நேரம் குறையுது. அதனாலதான் அளவோட போட்ட கிட் கிளட்ச்சோட ஆயுளைக் கூட்டும்னு நான் சொல்றேன், இது வெறும் ஜாலிக்காக போடுறது இல்ல.

அளவோடங்கறதுதான் முக்கியம். காகிதத்துல சாதாரண ரோட்டுக்கு ஒரு அளவு, ரேஸுக்கு ஒரு அளவுன்னு போட்டிருப்பான். நீங்க கம்மியானதை எடுங்க. துளையைப் பெருசாக்கிட்டா திரும்ப சின்னதாக்க முடியாது, வேற பிளேட்தான் தேடணும். கிளட்ச் தாங்காத அடி எல்லாம் பின்னாடி போய் யூ-ஜாயிண்ட், டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ் மவுண்ட்னு விழும். உங்க சி10-ல மவுண்ட் ரப்பர் செத்துப்போயிருந்தா முதல்ல அதை மாத்துங்க, இல்லன்னா ஒவ்வொரு கியருக்கும் கீழ சுத்தியல் அடிச்ச மாதிரி கேட்கும், நீங்க கிட் மேல பழி போடுவீங்க.

ஒரு தடவை நானே இதுல தப்பு பண்ணேன். ஒரு பழைய பிக்கப், ரெண்டாவது கியர் வழுக்குது, ஓனர் கிட் போடுங்கன்னு பிடிவாதம் பிடிச்சார், ஆயில்ல கருகின வாசனை வந்தும் நான் சரின்னு போட்டுட்டேன். முதல் வாரம் பிரமாதமா மாறுச்சு, மூணாவது வாரம் ரெண்டாவது கியரே இல்ல. ஏற்கனவே தேஞ்ச பிளேட்டுக்கு வேகமா பிரஷர் குடுத்தா அதுக்கு புது ஃபிரிக்‌ஷன் வந்துடாதே. அன்னிலேர்ந்து வாசனை வந்தா பெட்டியை இறக்கி ரீபில்ட் பண்ணலாம், கிட்டையும் அப்பவே சேத்துப் போடலாம்னு சொல்லிடுவேன்.

ஆயில் நல்லா இருந்தா நீங்களே ஒரு சனிக்கிழமையில போடலாம். ஜாக் ஸ்டாண்ட் நாலு, பெரிய தட்டு ஒண்ணு, இன்ச்-பவுண்ட் டார்க் ரெஞ்ச் கட்டாயம். பெட்டிக்கு அடியில இருக்கிற ஆயில் பேன்ல 13 போல்ட். வால்வ் பாடியை இறக்கும்போது மேல நாலு சின்ன எஃகு குண்டு இருக்கும், கால் இன்ச், அது உருண்டு ஓடிடும், எது எந்த இடத்துல இருந்ததுன்னு ஃபோன்ல போட்டோ எடுத்துக்கோங்க, சில கிட்ல ஒண்ணு ரெண்டை எடுத்துடச் சொல்லுவான். திரும்ப ஒட்டி நிறுத்த வாஸ்லின் தடவுங்க, அது ஆயில்ல கரைஞ்சிடும், வீல் கிரீஸ் கரையாம போய் துளையை அடைச்சுக்கும். டிரில் பண்ணின பிறகு பிளேட்டோட ரெண்டு பக்கமும் பிசிறைத் தேச்சு எடுத்து நல்லா கழுவுங்க, ஒரு இரும்புத் துகள் போய் வால்வ்ல மாட்டினா அது நகராது. பிளேட்டுக்கு மேல போற கேஸ்கட்டும் கீழ போறதும் ஒண்ணு இல்ல, மாத்திப் போடாதீங்க. பேன் மட்டும் இறக்கினா சுமார் 3 குவார்ட் ஊத்த வேண்டி வரும், டார்க் கன்வெர்ட்டர்ல (இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவுல ஆயில் வழியா சக்தியைக் கடத்துற பாகம்) இருக்கிற பழைய ஆயில் உள்ளயே இருக்கும்.

அடுத்தது மேனுவல் வால்வ் பாடி. உங்க வீட்டுக்காரம்மா ஓட்டுவாங்கன்னு எழுதினீங்க இல்ல, அதனாலயே வேண்டாம்ங்கறேன். முழு மேனுவல்ல கவர்னரோட (வண்டி வேகத்தைப் பெட்டிக்கு சொல்ற பாகம்) பேச்சுக்கு மதிப்பே கிடையாது, லீவர் எங்க இருக்கோ அந்த கியர்தான். சிக்னல்ல நிக்கும்போது முதல் கியருக்கு இழுக்க மறந்தா மூணாவதுலயே கிளம்பும், கிளட்ச்சும் கன்வெர்ட்டரும் சூடேறும். அதைவிட பயம், ஹைவேல 60 மைல்ல போகும்போது யாராவது தெரியாம லீவரை 1-க்கு இழுத்தா அது உடனே முதல் கியருக்குப் போயிடும், பின் சக்கரம் பூட்டிக்கும், இன்ஜின் தாங்காத ஆர்பிஎம்முக்குப் போகும். சாதாரண வால்வ் பாடி அந்த வேகத்துல முதல் கியருக்கு இறங்காம காப்பாத்தும். டிராக்ல ஓடுற வண்டிக்கு மேனுவல் அருமையான விஷயம், ஒவ்வொரு ரன்லயும் ஒரே மாதிரி மாறும், ஆபீஸ் போற பிக்கப்புக்கு அது வேண்டாம்.

கையால மாத்துற ஆசை எனக்குப் புரியுது, அந்த சுகமே தனி. அதுக்கு வழி இருக்கு: கிட் போட்ட பிறகு ஒரு நல்ல ராட்செட் ஷிஃப்டர் தரையில வையுங்க, ஒரு தட்டுக்கு ஒரு கியர்தான் நகரும், தாண்டிப் போகாது. 1-ல கிளம்பி, உங்களுக்குப் பிடிச்ச ஆர்பிஎம்ல 2, அப்புறம் டி. மனசு இல்லாத நாள்ல டி-லயே விட்டா அதுவே மாத்திக்கும், வீட்டுல யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். பல கிட்ல இந்த ரெண்டு விதமும் கிடைக்கிற மாதிரிதான் குடுக்கிறான்.

டெக்சாஸ் வெயிலுக்கு ஒரு தனி ஆயில் கூலரும் சேத்துப் போடுங்க, ரேடியேட்டர்ல போயிட்டு வர்ற லைன்ல, பெட்டிக்குத் திரும்புற பக்கம். கிட்டுக்குப் பணம் இல்லன்னாலும் கூலரைப் போடுங்கன்னுதான் சொல்லுவேன், இந்தப் பெட்டிகளோட முதல் எதிரி சூடுதான்.

நண்பர் யாராவது 700ஆர்4-ங்கற வேற ஆட்டோமேட்டிக் பெட்டி வெச்சிருந்தா இந்தப் பதிலை அப்படியே அவருக்கு அனுப்பாதீங்க. அதுல மாடுலேட்டர் கிடையாது, கார்புரேட்டர்லேர்ந்து வர்ற டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிள்தான் பிரஷரைத் தீர்மானிக்குது, அது தப்பா அட்ஜஸ்ட் ஆயிருந்தா கொஞ்ச தூரத்துலயே கிளட்ச் எரிஞ்சிடும். உங்க 350-ல இருக்கிற கேபிள் கிக்டவுனுக்கு, அதாவது ஆக்சிலேட்டரை முழுசா அமுக்கினா கீழ் கியருக்கு இறங்குறதுக்கு மட்டும்தான்.

மச்சானுக்கு: அவர் கார் ஏஎம்டியா இருந்தா அது உள்ளுக்குள்ள சாதாரண மேனுவல் பெட்டிதான், மோட்டாரோ ஹைட்ராலிக்கோ கிளட்ச்சை மிதிக்குது, துளை போட அங்க ஒண்ணும் இல்ல. சிவிடின்னா கியரே கிடையாது. இப்போ வர்ற டார்க் கன்வெர்ட்டர் பெட்டின்னா பிரஷரை சோலினாய்டு (மின்சாரத்துல திறந்து மூடுற வால்வ்) வழியா கம்ப்யூட்டர் தீர்மானிக்குது, வாரண்டியும் இருக்கும், தொட வேண்டாம். மேனுவல் மோட் இருந்தா அதுலயே ஓட்டச் சொல்லுங்க.

உங்க வண்டியில கிட் போட்டு முடிச்சதும் நேரா ஹைவே போகாதீங்க. ஐடில்ல பிரேக் மிதிச்சுக்கிட்டு ஆர், என், டி-ன்னு ரெண்டு மூணு தடவை மாத்தி, ஆயில் லெவல் பாத்து, தெருவுக்குள்ள கால் லேசா வெச்சு மூணு கியரும் வர்றதைப் பாருங்க. அப்பவும் ரெண்டாவதுல ஆர்பிஎம் ஏறினா வண்டியை நிறுத்திட்டு, பெட்டியில இருக்கிற போர்ட்ல 300 பிஎஸ்ஐ கேஜ் ஒண்ணு மாட்டி, வேக்யூம் ஹோஸ் மாட்டி ஒரு தடவை, கழட்டி ஒரு தடவை ரீடிங் எடுத்து எனக்கு அனுப்புங்க.