பொண்ணு பெய்ஜிங் தெருவை வச்சு ப்ராஜெக்ட் பண்றாளா? பயப்படாதீங்க சார்

சார், பொண்ணு சிவில் மூணாவது வருஷம், ப்ராஜெக்டுக்கு பெய்ஜிங் ரோடுங்களை எடுத்திருக்கா, இத வச்சு என்ன வேலை கிடைக்கும்னு கேட்டிருந்தீங்க. உங்க கவலை நியாயம்தான், ஆனா அவ நல்ல விஷயத்தைத்தான் பிடிச்சிருக்கா.

பெய்ஜிங் ரிங் ரோடு தாண்டி ரிங் ரோடுன்னு வெளிய பரவிட்டே போன ஊரு, ஆறாவது ரிங் ரோடு மட்டுமே சுமார் 187 கிலோமீட்டர். ரோடெல்லாம் அகலம்தான், ஆனா ரெண்டு பெரிய ரோட்டுக்கு நடுவுல பெரிய பெரிய பிளாக், உள்ள காம்பவுண்டு சுவர் போட்ட குடியிருப்பு, கேட்டு ஒண்ணோ ரெண்டோ, பக்கத்துல இருக்கிற பஸ் ஸ்டாப்புக்கே சுத்திப் போகணும், குறுக்கால போக சந்து கிடையாது, அதனால எல்லா வண்டியும் அந்த நாலு ரோட்டுலயே வந்து அடையுது. 2016 பிப்ரவரியில அரசாங்கமே இனி புதுசா சுவர் போட்ட குடியிருப்பு வேணாம், குறுகலான தெருவா நெருக்கமா போடுங்க, 2020க்குள்ள ஊருக்குள்ள சதுர கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர் ரோடு வரணும்னு நாடு முழுக்க சொல்லிச்சு. இருக்கிற சுவரையும் படிப்படியா திறக்கணும்னதும் வீடு வாங்கினவங்க கொதிச்சுட்டாங்க, காசு குடுத்த இடமாச்சே. ஒரு தடவ போட்ட தெருவை மாத்துறது அவ்ளோ பெரிய பாடு, அதான் போடுறதுக்கு முன்னாடியே கணக்கு பாத்து சொல்ல ஆள் வேணும்ங்கிறேன்.

உங்க பொண்ணு கத்துக்கிறது அந்தக் கணக்குதான். ஒரு ஜங்ஷன்ல எத்தன தெரு சேருது, முட்டுச்சந்து எவ்ளோ, நேர் தூரத்த விட நடக்கிற தூரம் எத்தன மடங்கு, இதெல்லாம் ஓபன்ஸ்ட்ரீட்மேப்னு யார் வேணும்னாலும் ஃப்ரீயா எடுத்துக்கிற மேப் டேட்டாவ, பைத்தான் ப்ரோகிராமிங்ல ஓஎஸ்எம்என்எக்ஸ்ங்கிற டூல் வச்சு எடுக்கலாம். ஒண்ணு மட்டும் அவகிட்ட சொல்லுங்க, சீன கம்பெனி மேப்புங்க ஜிசிஜே-02ங்கிற, இடத்த வேணும்னே கொஞ்சம் தள்ளிக் காட்டுற சீன கோஆர்டினேட் முறையில இருக்கும், அத ஓபன்ஸ்ட்ரீட்மேப்போட அப்படியே சேர்த்தா ரோடு நூத்துக்கணக்கான மீட்டர் தள்ளி விழும். காம்பவுண்டுக்குள்ள இருக்கிற வழி மேப்ல விட்டுப்போயிருந்தாலும் ரிசல்ட் தப்பாயிடும். இன்டர்வியூல இதத்தான் நோண்டுவாங்க.

வேலைன்னா ட்ராஃபிக் கன்சல்டன்சி, மெட்ரோ ப்ராஜெக்ட், மேப் கம்பெனி, டெலிவரி கம்பெனின்னு இருக்கு. அரசு டவுன் பிளானிங் போஸ்டிங் கம்மி, அத மட்டும் நம்பி உக்கார வேணாம். நகரத் திட்டமிடல் மேல்படிப்பு எம்.பிளான் படிக்க சிவில்காரங்களும் போலாம், அதுக்கு கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதட்டும். அதுவரைக்கும் பைத்தானும், மேப் போடுற சாஃப்ட்வேர் க்யூஜிஐஎஸ்ஸும் விடாம பண்ணட்டும், இந்த ப்ராஜெக்டோட ப்ரோகிராம் கோடு, மேப் எல்லாத்தையும் கிட்ஹப்னு கோடு போட்டு வைக்கிற வெப்சைட்ல போட்டு வைக்கச் சொல்லுங்க சார்.