சாணக் கரைசலில் காஸ்டிக் சோடா கலக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் 2 கன மீட்டர் தீனபந்து வகைச் சாண எரிவாயுக் கலன் இருக்கிறது. முன்பு ஐந்து மாடுகள், இப்போது இரண்டுதான். காலைச் சமையல் முடிவதற்குள் வாயு தீர்ந்துவிடுகிறது. நகரத்துக் கழிவுநீர்ச் சேற்றில் காஸ்டிக் சோடா சேர்த்தால் வாயு கூடும் என்று படித்தேன். சாணத்திலும் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். கழிவுநீர் நிலையத்துச் சேற்றில் பெரும்பகுதி, தண்ணீரைச் சுத்தம் செய்த நுண்ணுயிர்களின் உடல்தான். அவற்றின் செல் சுவர் லேசில் உடையாது. காஸ்டிக் சோடா போன்ற காரம் சேர்த்து பி.எச். எனும் அமில-கார அளவை 12 வரை ஏற்றினால் சுவர் உடைந்து உள்ளே இருப்பது கரைந்து வரும். அப்புறம் காரத்தைத் தணித்துத்தான் கலனுக்குள் விடுவார்கள். சாணம் அப்படியல்ல; அதில் எளிதாகச் செரிப்பதை மாட்டு வயிறே எடுத்துவிட்டது. மேலும், மீத்தேன் தரும் நுண்ணுயிர்களுக்கு பி.எச். 7-ஐ ஒட்டி இருக்க வேண்டும்; காஸ்டிக் சோடாவில் உள்ள சோடியம் மிகுந்தால் அவை முடங்கும். கலனிலிருந்து வரும் கழிவு உங்கள் வயலுக்குத்தானே போகிறது? சோடியம் சேரச் சேர மண்ணும் இறுகிவிடும்.

உங்களுக்குக் குறைவது சாணம். கிலோவுக்குச் சுமார் 40 லிட்டர் வாயு கிடைக்கும். இந்தக் கலனுக்குத் தினமும் 50 கிலோ வேண்டும். இரண்டு மாடுகள் தருவது அதில் பாதிகூட இருக்காது. முதலில் வடித்த கஞ்சி, காய்கறிக் கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் புளித்துவிடும்.

அடுத்து, மழையில் நனைந்து மாடு ஒதுக்கும் வைக்கோல். கார நேர்த்தி உண்மையில் பயன்படுவது இதற்குத்தான், அதுவும் சுண்ணாம்பில். வைக்கோலை விரற்கடை நீளத்துக்கு நறுக்குங்கள். நீளமாகப் போனால் மேலே மிதந்து ஏடாகக் கட்டிக்கொள்ளும், நுழைவுக் குழாயும் அடைக்கும். 10 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு அரை கிலோ நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, எல்லாம் நனையும்படி பிசறி, தார்ப்பாய் மூடி நாலைந்து நாள் வையுங்கள். கையுறை போடாமல் தொடாதீர்கள். தண்டு மெத்தென்று ஆனதும் தினம் ஒரு கிலோ அளவில் சாணக் கரைசலோடு கலந்து ஊற்றுங்கள். நல்ல வைக்கோலை இதற்கு வீணாக்காதீர்கள், அது மாட்டுக்கு வேண்டும்.

அடுப்பு பற்றச் சிரமப்பட்டாலோ, வெளியேறும் கரைசல் புளித்து நாறினாலோ, வைக்கோலையும் கஞ்சியையும் நிறுத்திவிட்டு, சுடர் சரியாகும்வரை சாணம் மட்டும் ஊற்றுங்கள்.