இருட்டான கிரைம் தொடர்களைவிட லேசான கிரைம் தொடர்கள் பலரையும் இழுப்பது ஏன்?

இரண்டிலும் கொலைதான், விசாரணைதான். அப்படியிருந்தும் மனதைப் பிசைகிற தொடர்களை ஒருமுறை பார்த்துவிட்டு ஒதுக்கிவைப்பவர்கள், லேசான தொடர்களை மட்டும் ஏன் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள் என்பது உங்கள் கேள்வி. ‘நகைச்சுவை இருக்கிறது, அதனால்தான்’ என்று சட்டென்று சொல்லிவிடலாம். எனக்கு அது பாதிப் பதிலாகக்கூடப் படவில்லை. ஒரு ஜோக்கும் இல்லாமலேயே லேசாக ஓடுகிற எபிசோடுகள் உண்டு. வரிக்கு வரி கிண்டல் வைத்தும் நெஞ்சைக் கனக்கச் செய்கிற தொடர்களும் உண்டு. யார் சாகிறார், அந்தச் சாவுக்கு யார் அழுகிறார், கணக்கு எப்போது தீர்கிறது என்ற மூன்றையும் எழுதுகிறவர் எப்படி அமைக்கிறார் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

முதலில் செத்தவரைப் பாருங்கள். லேசான தொடரில் பெரும்பாலும் ஊரில் பாதிப் பேருக்குப் பிடிக்காத ஆள்தான் சாவார். ரகசியத்தை வைத்து மிரட்டிப் பணம் பறித்தவர், உயிலை மாற்றப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த பெரிய பணக்காரர், அடுத்தவர் உழைப்பைத் தன் பெயரில் போட்டுக்கொண்ட முதலாளி இப்படி. இதில் எழுத்தாளருக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பார்ப்பவருக்குத் துக்கம் ஏறாது. கூடவே, அவரைக் கொல்ல நாலைந்து பேருக்குக் காரணமும் தானாகவே கிடைத்துவிடும். சாவும் அப்படித்தான் நடக்கும். பானத்தில் விஷம், பின்மண்டையில் ஒரு சிலையால் அடி, மாடியிலிருந்து ஒரு தள்ளு. அடி விழுவதற்கு முன்பே காட்சி வெட்டப்பட்டுவிடும். ரத்தம் காட்டினாலும் அது ஒரு தடயமாக மட்டும் காட்டப்படும், வலியாகக் காட்டப்படாது.

அழுகைக்கும் ஒரு அளவு வைத்திருப்பார்கள். மனைவியோ மகனோ ஒரு நிமிடம் கலங்குவார்கள், அடுத்த கேள்வியிலேயே அவர்களும் சந்தேகப் பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள். இருட்டான தொடர்கள் இதே இடத்தில்தான் வேறு பாதையில் திரும்புகின்றன. ‘தி கில்லிங்’ என்ற பெயரில் உலகம் அறிந்த டேனிஷ் தொடரின் முதல் சீசன் 2007-ல் வந்தது. ஒரே ஒரு பெண்ணின் கொலைக்கு 20 எபிசோட், ஒவ்வொரு எபிசோடும் விசாரணையின் ஒரு நாள். போலீஸுக்குத் தரும் அதே அளவு இடத்தைப் பெண்ணைப் பறிகொடுத்த பெற்றோரின் வீட்டுக்கும் அது தருகிறது. மகத்தான தொடர். ஆனால் நாள் முழுக்க உழைத்துக் களைத்து வந்து உட்காருகிறவரால் தினமும் அந்த வீட்டுக்குள் போய்வர முடியாது.

அடுத்தது நேரம். அமெரிக்க டிவியில் ஒரு மணி நேரம் என்று சொல்லப்படும் எபிசோடில் விளம்பரம் போக மிஞ்சுவது 42, 43 நிமிடம். அது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பிரியும். முதல் 3 நிமிடத்துக்குள் பிணம், பிறகு டைட்டில். 10 நிமிடத்துக்குள் சந்தேக நபர்கள் நாலைந்து பேரும் முகம் காட்டிவிடுவார்கள். 15-வது நிமிடத்தை ஒட்டி எல்லாத் தடயமும் கைகாட்டுகிற ஒருவர் மாட்டுவார். 25-க்குள் அவர் நிரபராதி என்று ஆகிவிடும், இல்லையென்றால் அவரே இரண்டாவது பிணமாகிவிடுவார். 33, 35 வாக்கில் வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ பேச்சு நடக்கும்போது துப்பறிபவர் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார். பிறகு எல்லோரையும் கூட்டிவைத்து விளக்கம், கைது. கடைசி இரண்டு நிமிடம் குழுவுக்குள் கலாட்டா.

நாலு எபிசோட் பார்த்தவருக்கு இந்தக் கடிகாரம் மனதில் பதிந்துவிடும். பதற்றம் உண்டு, ஆனால் அது எத்தனை மணிக்கு இறங்கும் என்பதும் தெரியும். கரீபியன் தீவு ஒன்றில் நடக்கும் ‘டெத் இன் பாரடைஸ்’ 2011-ல் தொடங்கி இன்னும் ஓடுகிறது. தலைமைத் துப்பறிவாளர் வேடத்தில் பென் மில்லர், கிரிஸ் மார்ஷல், ஆர்டல் ஓ'ஹான்லன், ரால்ஃப் லிட்டில் என்று ஆள் மாறிக்கொண்டே வந்தும் தொடர் நிற்கவில்லை. பார்ப்பவர்கள் நடிகரை நம்பி வருவதைவிட அந்த அமைப்பை நம்பி வருகிறார்கள் என்பதற்கு அது நல்ல சாட்சி. பளிச்சென்ற வெயில், துள்ளலான இசை எல்லாம் இதற்குத் துணை நிற்பவைதான்.

இனி நகைச்சுவைக்கு வருகிறேன். சிரிக்க வைப்பது அதன் ஒரு வேலைதான். துப்பை ஒளித்துவைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது என்பதுதான் எழுத்தாளருக்குப் பெரிய லாபம். 1929-ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், துப்பறிபவர் கையில் கிடைத்த துப்பை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்பவை அதில் உண்டு. துப்பைக் கண்ணெதிரே காட்டியாக வேண்டும், ஆனால் பார்ப்பவர் அதைக் கவனித்துவிடவும் கூடாது. இருட்டான தொடரில் இது கடினம். ஒவ்வொரு காட்சியும் கனமாக நகர்வதால் கேமரா ஒரு கோப்பையின் மீது அரை நொடி கூடுதலாக நின்றாலே சந்தேகம் வந்துவிடும். லேசான தொடரிலோ அதே கோப்பையை வைத்து உதவியாளர் ஒரு அசட்டுத்தனம் செய்வார். நாம் சிரித்துவிட்டு அதை மறந்துவிடுவோம். அரை மணி நேரம் கழித்து அந்தக் கோப்பைதான் சாட்சியாக வந்து நிற்கும். அந்த நொடியில் ‘அட, காட்டினார்களே!’ என்று நம்மை நாமே நொந்துகொள்வோமே, அந்தச் சுகத்துக்காகத்தான் அடுத்த எபிசோடைத் தட்டுகிறோம்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போய் அதே சுகத்தைக் கொடுத்தது ‘கொலம்போ’. 1968-ல் ஒரு டிவி படமாகத் தொடங்கி 2003 வரை இடைவெளி விட்டு விட்டு 69 எபிசோட் வந்தது. கொலை செய்தது யார், எப்படி என்பதை முதலிலேயே காட்டிவிடுவார்கள். ஆங்கில எழுத்தாளர் ஆர். ஆஸ்டின் ஃப்ரீமன் 1912-லேயே தன் சிறுகதைகளில் செய்துபார்த்த முறைதான் அது. எப்படி மாட்டப்போகிறார் என்பது மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

1971-ல் வந்த ‘மர்டர் பை தி புக்’ எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்கியவர் அப்போது இளைஞராக இருந்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். இரட்டையராகத் துப்பறியும் நாவல் எழுதும் இருவரில் ஒருவர் மற்றவரைக் கொன்று, பிணத்தைத் தன் வீட்டுப் புல்வெளியிலேயே கொண்டுவந்து போட்டுவிட்டு, தானே போலீஸுக்கும் போன் செய்கிறார். வழக்கை விசாரிக்கும் போலீஸ் அதிகாரி கொலம்போவின் மனதில் உறுத்துவது கைரேகையோ துப்பாக்கியோ இல்லை. கூட்டாளியின் நிலைமை கேள்விப்பட்டவர் சான் டியேகோவிலிருந்து விமானத்தில் பறந்து வராமல் ஏன் நிதானமாகக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார்? வாசலில் நண்பரின் பிணம் கிடக்கும்போது தபாலையெல்லாம் பிரித்துப் பார்த்திருக்கிறாரே, யாருக்கு மனம் வரும்? நீதிமன்றத்தில் இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் பார்க்கிற நமக்கு அந்த ஆளின் குணம் முழுதும் புரிந்துவிடுகிறது. ஆய்வகம் வேண்டாம், தொழில்நுட்பம் வேண்டாம், மனிதரைக் கூர்ந்து பார்த்தால் போதும் என்ற இந்த நம்பிக்கை லேசான தொடர்களின் உயிர்நாடி.

கசங்கிய மழைக்கோட்டு, பழைய பியூஜோ கார், தடுமாறும் பேச்சு என்று வரும் கொலம்போவைப் பணமும் படிப்பும் உள்ள கொலையாளி மட்டமாக எடைபோடுவார். நாம் அப்படி எடைபோடுவதில்லை. அந்த வித்தியாசத்திலிருந்துதான் சிரிப்பு பிறக்கிறது. தேவனின் துப்பறியும் சாம்பு படித்தவர்களுக்கு ஒரு வேறுபாடு சட்டென்று பிடிபடும். சாம்புவுக்கு அதிர்ஷ்டம் கைகொடுக்கும், அவருடைய அசட்டுத்தனம் நிஜம். கொலம்போவின் அசட்டுத்தனம் தூண்டில். இரண்டுமே லேசானவைதான், ஆனால் முன்னதில் நாம் சாம்புவைப் பார்த்துச் சிரிக்கிறோம், பின்னதில் கொலம்போவோடு சேர்ந்து கொலையாளியைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

இவ்வளவு நுட்பமாகக் கட்டியது என்பதால் உடைவதும் சுலபம். அடிக்கடி உடையும் இடம், கிண்டல் யாரைக் குறிவைக்கிறது என்பது. கொலையாளியின் திமிரைக் கிண்டல் செய்தால் சிரிப்பு வரும். செத்தவரின் தாய் நிற்கும்போது போலீஸ்காரர் ஜோக் அடித்தால் அதே தொடர்மீது வெறுப்பு வரும். குழந்தையையோ, யாருக்கும் தீங்கு செய்யாத ஒருவரையோ கொன்றுவிட்டு வழக்கமான துள்ளல் இசையைப் போட்டாலும் அப்படித்தான்.

சீசன் முழுக்க இழுக்கிற பெரிய வில்லன் இன்னொரு ஆபத்து. ‘தி மென்டலிஸ்ட்’ தொடரில் நாயகனின் மனைவியையும் மகளையும் கொன்ற ரெட் ஜான் யார் என்ற புதிர் 2013 வரை, அதாவது ஆறாவது சீசன் வரை நீண்டது. அந்த நிழல் பெரிதாகப் பெரிதாக வாராவாரம் வரும் வழக்குகள் சும்மா இடத்தை நிரப்புபவையாகத் தெரிய ஆரம்பித்தன. ‘மாங்க்’ இதையே பக்குவமாகச் செய்தது. மனைவியின் கொலை துப்பறியும் நாயகன் மாங்க்கின் மனதில் ஆறாத ரணம், எட்டு சீசனும் அது கூடவே வருகிறது. ஆனால் அதை அளந்து அளந்துதான் தொட்டார்கள். விடையை 2009-ல் கடைசிக் கதைக்கென்று வைத்துக்கொண்டார்கள். நடுவில் வந்த வழக்குகள் ஒவ்வொன்றும் அன்றன்றே முடிந்தன. லேசான தொடருக்குள் நிஜமான துக்கம் இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நாயகன் நாயகி காதல் பற்றி ஒரு தப்பான பாடம் உலவுகிறது. 1985 முதல் 1989 வரை வந்த ‘மூன்லைட்டிங்’ அந்த இருவரும் சேர்ந்ததால்தான் படுத்துவிட்டது என்பார்கள். உண்மையில் எபிசோடுகள் குறித்த நாளில் தயாராகாமல் தள்ளிப்போனது, நாயகியின் கர்ப்பம், நாயகன் சினிமாவுக்குப் போனது, 1988-ல் எழுத்தாளர் வேலைநிறுத்தம் என்று பல அடிகள் அடுத்தடுத்து விழுந்தன. இருவரும் ஒரே காட்சியில் நின்று சண்டை போடுவதுதான் அந்தத் தொடரின் உயிர். அந்தக் காட்சிகளே குறைந்துபோன பிறகு என்ன மிஞ்சும்?

சின்ன ஊரில் வாராவாரம் கொலை விழுந்தால் நம்பகம் போகாதா என்றும் கேட்பார்கள். 1984 முதல் 1996 வரை 264 எபிசோட் ஓடிய ‘மர்டர், ஷீ ரோட்’ அதற்கு ஒரு வழி வைத்திருந்தது. நாயகி நாவலாசிரியர் என்பதால் புத்தக விழா, உறவினர் வீடு என்று ஊர் ஊராக அனுப்பினார்கள். எட்டாவது சீசனிலிருந்து நியூயார்க்கிலும் ஒரு வீடு கொடுத்துவிட்டார்கள்.

இருட்டான தொடர்களைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். லேசான வகையால் முடியாதது ஒன்று உண்டு. உண்மை வெளியே வரும், வந்தால் நீதி கிடைக்கும் என்பதை அது முதலிலேயே எடுத்துக்கொண்டுவிடுகிறது. ஒரு கேள்வியில் கொலையாளி உடைந்துபோய் வாக்குமூலம் கொடுத்துவிடுவார், வழக்கு அதன்பின் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. போலீஸ், நீதிமன்றம், அரசியல் எல்லாம் சேர்ந்து குற்றத்தை எப்படி விளைவிக்கின்றன என்று பார்க்க வேண்டுமென்றால் ‘தி வயர்’ போன்ற தொடருக்குத்தான் போக வேண்டும். புதிரை விடுவிக்கும் ஆசைக்கு ஒன்று, குற்றம் மனிதரை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு மற்றது.

புதுத் தொடர் ஒன்றைத் தொடங்கும்போது அது உங்களுக்கு ஒத்துவருமா என்று முதல் பத்து நிமிடத்திலேயே பார்த்துவிடலாம். செத்தவர் உயிரோடு இருக்கும்போது அவர் குடும்பத்தோடு நீண்ட, அன்பான காட்சி வருகிறதா? வந்தால் தொடர் உங்களை அழவைக்கத் தயாராகிறது. பிணத்தின் முகத்தில் கேமரா நிலைத்து நிற்கிறதா, மேஜையில் கிடக்கும் பொருளுக்கு நகர்கிறதா? பொருளுக்குப் போனால் புதிர்க் கதை. முதல் எபிசோடின் வழக்கு முதல் எபிசோடிலேயே முடிகிறதா என்பதையும் பாருங்கள். டிரெய்லரை இதில் நம்ப வேண்டாம், இருட்டான தொடருக்கும் வசனக் கிண்டலை மட்டும் பொறுக்கி ஒட்டிவிடுவார்கள்.

எங்கே தொடங்குவது என்றால், மேலே சொன்ன ‘மர்டர் பை தி புக்’ ஒன்றேகால் மணி நேரம்தான், முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். பிடித்துவிட்டால் ‘மாங்க்’ முதல் சீசனை வரிசையாகப் பாருங்கள். யார் என்று யூகிக்கும் விளையாட்டு வேண்டுமானால் 42 நிமிட எபிசோடை 30-வது நிமிடத்தில் நிறுத்தி, கொலையாளி யார், எந்தத் துப்பால் என்று இரண்டையும் எழுதிவையுங்கள். ஆளை மட்டும் சரியாகச் சொல்வது சுலபம். பெரிய நடிகர் சின்ன வேடத்தில் வந்தாலே பாதி விடை கிடைத்துவிடும். துப்பையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கில் சேரும்.