பழைய கென்னர் பொம்மை கையில் கிடைத்தால்: கேள்வி பதில்

ஸ்டார் வார்ஸ் படங்களுக்காக அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில் இருந்த கென்னர் நிறுவனம் 1978 முதல் 1985 வரை விற்ற மூன்றேமுக்கால் அங்குலப் பொம்மைகள்தான் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அதைச் சுற்றியுள்ள மற்ற அறிவியல் புனைகதைப் பொம்மைகளைப் பற்றியும் தெரிந்த அளவு சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஒரு பழைய பொம்மையை மதிப்பிட உட்கார்ந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள், சார்?

காலைப் பார்ப்பேன். முகத்தை அல்ல. பெரும்பாலான கென்னர் பொம்மைகளுக்குக் காலின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு முத்திரை இருக்கும். முதல் படத்துப் பொம்மைகளில் ஜி.எம்.எஃப்.ஜி.ஐ. 1977 என்றிருக்கும். கென்னர் அப்போது ஜெனரல் மில்ஸ் குழுமத்தில் இருந்தது. அந்தக் குழுமத்தின் பொம்மைப் பிரிவுடைய பெயர்ச் சுருக்கம் அது. 1980க்குப் பிறகு வந்தவற்றில் படத்தைத் தயாரித்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தைக் குறிக்கும் எல்.எஃப்.எல். வரும். கூடவே ஹாங்காங், தைவான், மக்காவ் என்று ஏதாவது ஓர் ஊர்ப் பெயர். சிலவற்றில் ஊர்ப் பெயரே இருக்காது, அதனால் மட்டும் அது போலி ஆகிவிடாது. எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, அச்சு எடுத்த பொம்மையிலிருந்து மறுபடி அச்சு எடுத்தது போல மழுங்கி இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

அடுத்தது மூட்டுகள். பொம்மையைத் தாங்கல் இல்லாமல் நிறுத்துங்கள். பின்னால் சாய்ந்தால் இடுப்பு தளர்ந்துவிட்டது. கையைக் கிடைமட்டமாகத் தூக்கிவிட்டால் தானாகக் கீழே இறங்கக் கூடாது. அப்புறம்தான் பெயின்ட். மூக்கு நுனி, தலைமுடியின் உச்சி, கைவிரல், பூட்ஸ் முனை ஆகியவைதான் முதலில் தேயும். மற்ற இடமெல்லாம் தேய்ந்து மூக்கு மட்டும் பளபளவென்று இருந்தால் யாரோ தொட்டுப் பூசியிருக்கிறார்கள். ஆயுதத்தைக் கடைசியில் பாருங்கள், ஏனென்றால் மாற்றி வைக்க மிகச் சுலபமானது அதுதான்.

என்னிடம் உள்ள லூக் பொம்மையில் 1977 என்று இருக்கிறது. அப்படியானால் முதல் வருடத்துப் பொம்மைதானே? (இதே கேள்வியை இன்னும் பலர் கேட்டிருக்கிறார்கள்.)

இல்லை. அது உரிமைப் பதிவு ஆண்டு, தயாரித்த ஆண்டு அல்ல. அதே அச்சில் 1980களிலும் வார்த்துக்கொண்டே இருந்தார்கள். சொல்லப்போனால் 1977இல் கடையில் பொம்மையே கிடையாது. படம் அந்த மே மாதம் வந்து இவ்வளவு ஓடும் என்று கென்னர் எதிர்பார்க்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஓர் அட்டை உறையில் சான்றிதழ் ஒன்றை வைத்து விற்றார்கள். அதை நிரப்பி அனுப்பினால் லூக், லேயா, செவ்பாக்கா, ஆர்2-டி2 ஆகிய நாலு பொம்மைகளும் 1978இல் தபாலில் வரும். குழந்தைகள் காகிதத்தை வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். இந்தத் துறையின் வரலாற்றிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

லூக்கில் உண்மையிலேயே ஆரம்ப காலத்தது எது என்றால், வாளுக்குள்ளிருந்து இன்னொரு மெல்லிய வாள் நீளும் வகை. டார்த் வேடர், ஓபி-வான் பொம்மைகளிலும் அந்த வகை உண்டு. மூன்றுக்குமே ஏராளமான போலிகள் இருக்கின்றன. படத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

துப்பாக்கியைத் தண்ணீரில் போட்டால் அசல் மிதக்கும், போலி மூழ்கும் என்கிறார்களே?

அதை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். மிதக்கிற போலியும் உண்டு, மூழ்குகிற அசலும் உண்டு. ஐயமில்லாத அசல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து நிறம், மினுமினுப்பு, அச்சு விளிம்பு, வளைத்தால் திரும்பும் விதம் எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். அப்படி ஓர் அசல் கையில் இல்லையென்றால், இருப்பவரிடம் போய்ப் பாருங்கள்.

ஜாவா என்ற குள்ளப் பாத்திரத்தின் பொம்மைக்குத் துணி அங்கி, வினைல் (வளையும் பிளாஸ்டிக்) அங்கி இரண்டில் எது உயர்வு?

வினைல்தான் அரிது. அந்தச் சின்ன உருவத்துக்கு வினைல் மலிவாகத் தெரிகிறது என்று சீக்கிரமே துணிக்கு மாற்றிவிட்டார்கள். ஓபி-வானின் வினைல் அங்கியைக் கத்தரித்து ஜாவாவுக்குப் போட்டு விற்பது ரொம்பப் பழைய ஏமாற்று. மறுபடியும் சொல்கிறேன், படத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.

ராக்கெட் பாயும் போபா ஃபெட் பொம்மை சின்ன வயதில் என் மாமா பையனிடம் இருந்தது. இப்போது அது கிடைத்தால் எவ்வளவு?

உங்கள் மாமா பையனிடம் இருந்தது வேறு பொம்மையாகத்தான் இருக்க வேண்டும். ராக்கெட் பாயும் போபா ஃபெட் எந்தக் குழந்தையின் கைக்கும் போகவில்லை. பொம்மை அட்டைகளில் உள்ள கொள்முதல் சான்றுகளில் நான்கை வெட்டி அனுப்பினால் இலவசமாகத் தருவதாக விளம்பரம் வந்தது உண்மை. அதற்குள் வேறொரு நிறுவனத்தின் விண்கலப் பொம்மையிலிருந்து பாய்ந்த சிறு ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்துபோனது. கென்னர் உடனே பின்வாங்கி, 1979இல் ராக்கெட்டை முதுகிலேயே ஒட்டவைத்துத்தான் அனுப்பியது. பாயும் வகையில் வெளியே வந்தவை தொழிற்சாலை மாதிரிகள் மட்டுமே. 2024இல் அப்படி ஒன்று ஏலத்தில் 5,25,000 டாலருக்குப் போனது. உங்களுக்கு யாராவது ஒன்றை விற்க வந்தால் பேச்சையே ஆரம்பிக்காதீர்கள்.

அண்ணா, வீட்டு மச்சில் ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோ பொம்மைகள் ஒரு டப்பா நிறையக் கிடைத்தன. எடுத்தவுடன் கால் தனி, உடம்பு தனியாகக் கழன்றுவிட்டது. தூக்கிப் போடவா?

போடவே போடாதீர்கள்! உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் இற்றுவிட்டது, அவ்வளவுதான். 1982இல் அமெரிக்கப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ கொண்டுவந்த மூன்றேமுக்கால் அங்குல ஜோ சிப்பாய்ப் பொம்மைகளின் வடிவமைப்பே அதுதான். முதுகில் உள்ள ஒரு திருகைக் கழற்றினால் உடம்பு இரண்டாகப் பிரியும். புது வளையம் மாட்டி மூடினால் பழையபடி நிற்கும். சரியான அளவுத் திருப்புளி வேண்டும், இல்லையென்றால் திருகின் தலை வழுக்கிவிடும்.

ஃபன்ஸ்கூல் சென்னையைச் சேர்ந்த எம்.ஆர்.எஃப். குழுமத்து நிறுவனம். ஹாஸ்ப்ரோவின் அச்சுகளில் அவர்கள் வார்த்த ஜோக்கள் அமெரிக்கப் பொம்மைகளிலிருந்து நிறத்தில் மாறுபட்டிருக்கும். பச்சை இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதாவது வரும். அந்த வித்தியாசத்துக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். அட்டை, ஆயுதம், காகிதம் எது இருந்தாலும் சேர்த்தே வைத்திருங்கள்.

வெள்ளைக் கவசம் போட்ட ஸ்டார்ம்ட்ரூப்பர் பொம்மை பழுப்பேறிவிட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்று படித்தேன். செய்யலாமா?

செய்யாதீர்கள். வெளுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் புற ஊதா ஒளியும் சூடும் காற்றும் சேர்ந்து பிளாஸ்டிக்கில் செய்த சேதம் அப்படியே உள்ளே இருக்கும். நிறத்தை மட்டும் எடுக்கிறீர்கள். பல பொம்மைகளில் பழுப்பு திரும்ப வருகிறது, சில திட்டுத் திட்டாக வருகின்றன. கறுப்புப் பெயின்ட் கோடுகளும் மங்கும். பொம்மையை ஜன்னல் பக்கம் வைக்காமல் இருப்பதுதான் செய்யக்கூடியது.

மன்னிக்கவும், மேலே ஜோவுக்கு ரப்பரை மாற்றச் சொல்கிறீர்கள், இங்கே வெளுக்கக் கூடாது என்கிறீர்கள். இரண்டும் பழுதுபார்ப்புதானே? பழைய ஓவியங்களைக்கூட அருங்காட்சியகத்தில் சுத்தம் செய்கிறார்களே! (இதை ஒட்டிப் பல கேள்விகள் வந்துவிட்டன. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இதற்கு விரிவாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.)

நியாயமான கேள்வி. நான் பார்ப்பது இரண்டே விஷயம். செய்ததைத் திரும்ப எடுக்க முடியுமா? செய்ததை அடுத்து வாங்குபவருக்குச் சொல்கிறீர்களா? ரப்பர் வளையத்தை நாளைக்கே கழற்றலாம், பொம்மையின் ஒரு துகள்கூடக் குறையாது. பெராக்சைடை அப்படித் திரும்ப எடுக்க முடியாது. நீங்கள் சொன்ன அருங்காட்சியக உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. அங்கே நாட்பட்ட வார்னிஷை எடுப்பவர்கள் அடியிலுள்ள வண்ணத்தைத் தொடாமல் இருக்கத்தான் அத்தனை பாடுபடுகிறார்கள், செய்த ஒவ்வொன்றையும் எழுதியும் வைக்கிறார்கள்.

"என் பொம்மை, என் அலமாரி, நான் வெளுத்தால் உங்களுக்கு என்ன?" என்று ஒருவர் சூடாகவே கேட்டிருக்கிறார். அலமாரி உங்களுடையதுதான். ஆனால் இந்தப் பொம்மைகளை இனி யாரும் செய்யப் போவதில்லை. 2019 முதல் ஹாஸ்ப்ரோ பழைய பாணியில் ரெட்ரோ வரிசை என்று விடுவது புதுப் பொம்மை, அது வேறு. உங்களிடம் இருப்பது உங்களுக்குப் பிறகு ஒருவரிடம் போகும். வெளுத்தது என்று யாரும் எழுதி ஒட்டுவதில்லை. இரண்டு கை மாறியதும் அது 'பழுப்பே ஏறாத அபூர்வப் பொம்மை' ஆகிவிடுகிறது. அதைப் பார்த்துப் பழகுகிறவர்கள் உண்மையான வெள்ளை எப்படி இருக்கும் என்பதையே மறந்துபோகிறார்கள். எனக்குக் கோபம் அங்கேதான்.

போலித் துப்பாக்கி விஷயத்தில் ஒருவர் என்னை மடக்கப் பார்த்தார்: அதைத் திரும்ப எடுக்க முடியுமே, அப்புறம் ஏன் எதிர்க்கிறீர்கள் என்று. அலமாரியில் வைக்க நான் எதிர்க்கவில்லை. வெறுங்கையோடு நிற்கும் ஹான் சோலோவைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதில் அழியாத ஒரு குறி போடுங்கள், விற்கும்போது சொல்லுங்கள். குறி இல்லாத போலித் துப்பாக்கியைச் செய்து விற்பவர்களிடம் வாங்குவதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

சரி, இத்தோடு இதை விடுகிறேன். வெளுப்பது பற்றி இன்னும் வரும் கேள்விகளுக்கு மேலே உள்ளதுதான் பதில்.

நான் டொரோன்டோவில் இருக்கிறேன். இங்கே யாக் ஃபேஸ் பொம்மை கிடைக்கும் என்கிறார்களே?

வாய்ப்பு உண்டு. 1985இல் வந்த கடைசி வரிசையைச் சேர்ந்தது அது. அமெரிக்கக் கடைகளுக்கு வரவேயில்லை. கனடாவிலும் ஐரோப்பாவிலும் விற்றது. பழைய வீட்டுச் சாமான் விற்பனைகளில் கண்ணை வைத்திருங்கள். முதலில் காலைப் பாருங்கள்.

என் டார்த் வேடர் எவ்வளவு போகும்?

முடிந்துபோன ஏலங்களில் அதே நிலையில் உள்ளதைத் தேடிப் பாருங்கள். கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள்.

செவ்பாக்கா எவ்வளவு?

மேலே பார்க்கவும்.

ஜப்பானிய ரோபோ மாடல் கிட்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

என் துறை இல்லை. ஒட்டிக் கட்டுபவர்களிடம் கேளுங்கள்.

சென்னையில் இருக்கிறேன். புதிதாக ஆறில் ஒரு பங்கு அளவுப் பொம்மை, தோல் உடுப்போடு, நிறையப் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறேன். எப்படிப் பாதுகாப்பது?

அந்தத் தோல் பெரும்பாலும் பாலியூரித்தேன் பூசிய துணி. காற்றில் உள்ள ஈரம் அந்தப் பூச்சை உள்ளிருந்தே உடைத்துவிடும். சில வருடங்களில் செதில் செதிலாக உரியும். சென்னைக் காற்றில் சீக்கிரமே. சிலிக்கா ஜெல் பைகளோடு கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள், பைகளை அவ்வப்போது மாற்றுங்கள். முழங்கையை மடக்கியபடியே வருடக்கணக்கில் நிறுத்தாதீர்கள், மடிப்பில்தான் முதலில் வெடிக்கும். இதை எந்த விமரிசனமும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். பெட்டியைத் திறந்த அன்றே எழுதி முடித்துவிடுகிறார்கள். முகம் தத்ரூபமாக இருக்கிறது என்று பத்து வரி எழுதுகிறவர், உடுப்பு எந்தப் பொருள் என்று ஒரு வரி எழுதலாம்.

இன்னொன்று, மென்மையான வினைல் பாகங்களைக் கெட்டி பிளாஸ்டிக்கின் மேல் அழுத்தியபடி வைக்காதீர்கள். வினைலில் உள்ள மென்மையாக்கி கசிந்து மற்றதை உருக்கித் தழும்பு போடும். கால்கள் பிசுபிசுப்பதும் அதே கசிவால்தான். மிதமான சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். ஆர்2-டி2வை மட்டும் முக்காதீர்கள், உடம்பில் சுற்றியிருப்பது ஸ்டிக்கர். சி-3பிஓவின் தங்கப் பூச்சைத் துணியால் தேய்க்கவும் கூடாது.

புதுப் பொம்மையின் வாள் வளைந்தே வந்திருக்கிறது. திருப்பி அனுப்பவா?

வேண்டாம். சுடுதண்ணீரில் அரை நிமிடம் பிடித்து நேராக்கி, அப்படியே ஐஸ் தண்ணீரில் வையுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். இறுகிப்போன மூட்டுக்கும் இதே சூடுதான் வழி. பலத்தைக் காட்டித் திருப்பினால் முளை உடைந்து உள்ளேயே நின்றுவிடும்.